வாயுத் தொல்லையும் வீட்டு வைத்தியமும்: எது உதவும், எங்கே நிறுத்த வேண்டும்?

ஸ்காபரோவின் டோர்செட் பார்க் பகுதியில், கென்னடி வீதியை ஒட்டிய தொடர்மாடிகளில் வாழும் எங்களுக்கு ஒரு மணம் நன்கு பழக்கமானது. கலியாண வீடோ பிறந்தநாள் விருந்தோ முடிந்து வந்த இரவில், யாரோ ஒரு வீட்டில் ஓமம் வறுபடும். அந்த மணம் கதவிடுக்கால் வெளியேறி நடைபாதை முழுக்க நிற்கும். "வயிறு ஊதிப்போச்சு", "செமியாக்குணம்", "ஏவறை வருகுது இல்லை" என்ற முறைப்பாடுகளுக்கு எங்கள் வீடுகளில் முதல் மருந்து எப்போதும் சமையலறை அலுமாரியில்தான் இருக்கிறது.

இந்த வைத்தியங்களில் பல உண்மையாகவே சுகம் தருபவை. சில வெறும் நம்பிக்கை. ஒன்றிரண்டு கெடுதலானவை. இன்னொரு விடயமும் உண்டு: "வாய்வுதான்" என்று சொல்லிப் படுத்துவிடுவதால் உயிருக்கே ஆபத்தாகும் வேளைகளும் உள்ளன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாயு எங்கிருந்து வருகிறது?

வயிற்றில் வாயு இருப்பது நோயல்ல. நல்ல சுகதேகியான ஒருவர் நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை வாயுவை வெளியேற்றுகிறார். ஒரு நாளில் 10 முதல் 20 தடவை வரை காற்றுப் பிரிவது வழமையானது. வெட்கப்பட்டு அடக்குவதால்தான் பலருக்கு வயிற்று நோவு கூடுகிறது.

வாயு இரண்டு வழிகளில் சேருகிறது. முதலாவது, நாம் விழுங்கும் காற்று. அவசரமாகச் சாப்பிடும்போதும், சாப்பிட்டபடி பேசும்போதும், சுவிங்கம் மெல்லும்போதும், ஸ்ட்ரோ வைத்துக் குடிக்கும்போதும், புகைபிடிக்கும்போதும் காற்று உள்ளே போகிறது. இதில் பெரும்பகுதி ஏவறையாக வெளியேறிவிடும். இரண்டாவது, பெருங்குடலில் உருவாகும் வாயு. சிறுகுடலில் சமிபாடு அடையாத மாப்பொருளும் நாரும் பெருங்குடலுக்கு வந்துசேர, அங்கு வாழும் பக்டீரியாக்கள் அவற்றை நொதிக்கச் செய்கின்றன. அப்போது ஐதரசன், காபனீரொட்சைட்டு, சிலருக்கு மீதேன் ஆகிய வாயுக்கள் உண்டாகின்றன. இவற்றுக்கு மணம் இல்லை. மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் கந்தகச் சேர்வைகளே துர்நாற்றத்துக்குக் காரணம்.

எங்கள் வாழ்க்கை முறையும் இதில் கை கொடுக்கிறது. இரண்டு வேலை, இரவு ஷிஃப்ட், இருபது நிமிட இடைவேளையில் ஒரு ரோல்ஸும் கோப்பியும். 2023 ஜூலையில் ஸ்காபரோ ஆர்டி ரயில் தடம்புரண்டு, எல்ஸ்மியர், லாரன்ஸ் ஈஸ்ட் நிலையங்கள் நிரந்தரமாக மூடப்பட்டபின், பஸ்ஸில் நின்றபடியே காலைச் சாப்பாட்டை முடிப்பவர்கள் எங்களில் பலர். பனிக்காலம் வந்தால் நடையும் குறைந்துவிடும். குடல் அசைவு மந்தமாகி, மலச்சிக்கல் சேர்ந்து, வயிறு கல்லுப்போல ஆகிவிடுகிறது.

எங்கள் சாப்பாட்டில் வாயுவை உண்டாக்குபவை

பருப்பு, கடலை, பயறு, கௌபி, உழுந்து: இவற்றில் உள்ள ரஃபினோஸ், ஸ்ராக்கியோஸ் என்ற சீனி வகைகளை உடைக்கும் நொதியம் மனித உடலில் இல்லை. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய் நொதிக்கின்றன. அதற்காகப் பருப்பைக் கைவிட வேண்டியதில்லை. முழுக் கடலையையும் கௌபியையும் இரவு முழுக்க, 8 முதல் 12 மணித்தியாலம் வரை ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாக மசிய அவித்தால் இச்சீனிகள் கணிசமாகக் குறையும். முளைகட்டினால் இன்னும் குறையும். ரின்னில் வரும் கடலையை வடித்து, கழுவிப் பாவிப்பதும் நல்லது. நீண்ட நாட்கள் பருப்பு சாப்பிடாதவர்கள் சிறிதளவில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போனால் குடல் பழகிக்கொள்ளும்.

வெங்காயமும் உள்ளியும்: "வாய்வுக்கு உள்ளி நல்லது" என்று அவித்த உள்ளியும் உள்ளி ரசமும் தருவது எங்கள் வழக்கம். ஆனால், உள்ளியிலும் வெங்காயத்திலும் ஃப்ரக்டன் என்ற மாப்பொருள் நிறைய இருக்கிறது. இதுவும் சமிபாடு அடையாமல் நொதிக்கும் பொருளே. உள்ளி ஒத்துவரும் உடம்புக்காரருக்குப் பிரச்சினை இல்லை. ஆனால், ரசம் குடித்த பிறகும் வயிறு ஊதிக்கொண்டே இருந்தால், மருந்து என்று நினைத்ததே காரணமாக இருக்கலாம். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஃப்ரக்டன் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே உள்ளியை எண்ணெயில் வதக்கி, மணம் இறங்கியதும் உள்ளிப் பற்களை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கலாம். உள்ளி எண்ணெயைச் செய்து மேசையில் நாட்கணக்கில் வைக்கக் கூடாது. பொட்யூலிசம் என்ற கொடிய நஞ்சேற்றம் வரலாம். அன்றன்று செய்து முடித்துவிடுங்கள்.

பால்: பாலில் உள்ள லக்டோஸ் என்ற சீனியைச் சமிபாடு செய்யும் நொதியம் வயது வந்த தெற்காசியர் பலருக்குக் குறைவு. ஒரு கோப்பைப் பாலில் சுமார் 12 கிராம் லக்டோஸ் இருக்கிறது. தேநீரில் விடும் கொஞ்சப் பால் பலருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் நாளுக்கு நான்கைந்து பால்தேநீர், இரவில் ஒரு பெரிய கோப்பைப் பால் என்று போனால் வயிறு இரையத் தொடங்கும். இரண்டு கிழமைக்கு லக்டோஸ் நீக்கிய பாலுக்கு மாறிப் பாருங்கள். எந்தப் பெரிய கடையிலும் கிடைக்கும். தயிரிலும் மோரிலும் லக்டோஸ் குறைவு என்பதால் அவை பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

"சீனி இல்லாத" இனிப்புகள்: நீரிழிவுள்ளவர்கள் விரும்பி வாங்கும் சீனியற்ற மிட்டாய், சுவிங்கம், பிஸ்கற் ஆகியவற்றில் சோர்பிட்டோல், மல்டிட்டோல் போன்ற இனிப்பூட்டிகள் இருக்கும். இவை வயிற்றை நன்றாக ஊதவைக்கும். பொட்டலத்தின் பின்பக்கத்தை வாசியுங்கள்.

மற்றவை: கோவா, பூக்கோவா, அப்பிள், மாம்பழம், கோதுமை மாப் பாண், கொத்துரொட்டி, எண்ணெயில் பொரித்த பண்டங்கள். பொரியல் வாயுவை உண்டாக்குவதைவிட, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது.

எது தனக்கு ஆகாது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே இரண்டு கிழமைக்கு ஒரு சிறு கொப்பியில் சாப்பிட்டதையும் வயிற்றின் நிலையையும் எழுதிவாருங்கள். அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'ஃபொட்மப்' உணவுமுறையும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். நொதிக்கும் மாப்பொருட்களைச் சில கிழமை குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, குற்றவாளியைக் கண்டுபிடிப்பது. அதை முழுமையாகச் செய்ய விரும்புவோர் உணவியலாளரின் துணையோடு செய்வதே சரி.

சமையலறை மருந்துகள்

ஓமம்: அரைத் தேக்கரண்டி ஓமத்தை இளஞ்சூட்டில் வறுத்து, ஒன்றரைக் கோப்பைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஒரு கோப்பையாக வற்றியதும் வடித்து, வெதுவெதுப்பாகக் குடிக்கலாம். இதிலுள்ள தைமோல் என்ற எண்ணெய்ப் பொருளே அந்தக் காரமான மணத்துக்குக் காரணம். கூடுதலாகப் போட்டால் நெஞ்செரிவு வரும்.

இஞ்சி, வேர்க்கொம்பு: இஞ்சி இரைப்பை விரைவாகக் காலியாக உதவுகிறது என்று சிறிய அளவிலான ஆய்வுகள் காட்டியுள்ளன. கட்டைவிரல் நுனியளவு இஞ்சியை நசுக்கித் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, விரும்பினால் சில துளி தேசிப்புளி சேர்த்துக் குடிக்கலாம். வேர்க்கொம்பும் மல்லியும் போட்டு அவித்த தண்ணீரும் எங்களுக்குப் பழக்கமானதே. வார்ஃபரின் போன்ற குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், கறியில் சேரும் அளவைத் தாண்டி இஞ்சியை மருந்தாக எடுக்க முன்னர் வைத்தியரிடம் கேளுங்கள்.

நற்சீரகம், பெருஞ்சீரகம்: ஒரு தேக்கரண்டி நற்சீரகத்தை நீரில் கொதிக்கவைத்து நாள் முழுக்கச் சிறிது சிறிதாகக் குடிக்கலாம். பெருஞ்சீரகத்தைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு சிட்டிகை மெல்லலாம். பெருஞ்சீரகத்தின் அனெத்தோல் என்ற பொருள் குடலின் தசைகளைத் தளர்த்தும் தன்மையுள்ளது.

பெருங்காயம்: பருப்புக் கறியில் ஒரு சிட்டிகை பெருங்காயம் போடுவது சுவைக்கு மட்டுமல்ல, வாயுவுக்காகவும் முன்னோர் கைக்கொண்ட வழக்கம். மோரில் கரைத்தும் குடிக்கலாம். கடையில் கிடைக்கும் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மா அல்லது அரிசி மா கலந்திருக்கும். கோதுமை ஒவ்வாதவர்கள், குறிப்பாகச் சீலியாக் நோயுள்ளவர்கள், அரிசி மா சேர்த்ததைத் தேடி வாங்க வேண்டும். கர்ப்பிணிகள் இதை மருந்தளவில் எடுப்பதைத் தவிர்ப்பது நல்லது.

மின்ட்: மின்ட் எண்ணெய் அடங்கிய, குடலில் கரையும் குளிசைகளுக்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. எரிச்சலுறு குடல் நோய்க்கு இவற்றைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரியின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. சாதாரண உப்பலுக்கு மின்ட் தேநீர் போதும். ஆனால் நெஞ்செரிவு உள்ளவர்களுக்கு இது எரிவைக் கூட்டும்.

ஓமமோ சீரகமோ பெரிய ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்ட மருந்துகள் அல்ல. ஆனாலும் சமையல் அளவில் பாதுகாப்பானவை. வெந்நீரின் சூடும் தன் பங்குக்கு உதவுகிறது. ஒன்றைச் செய்து பார்த்து, சுகம் தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

செலவில்லாத வழிகள்

சாப்பிட்டபின் 10 முதல் 15 நிமிடம் மெதுவாக நடப்பது எந்தக் கசாயத்துக்கும் குறைந்ததல்ல. பனியில் வெளியே போக முடியாவிட்டால் தொடர்மாடியின் நடைபாதையில் நான்கு சுற்று வரலாம், அல்லது ஸ்காபரோ ரவுன் சென்ரருக்குள் நடக்கலாம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மார்போடு அணைக்கும் பவனமுக்தாசனம், பெயருக்கேற்ப, காற்றை விடுவிக்கும் ஆசனம். வயிற்றில் சூடான தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வைக்கலாம். வயிற்றை நீவும்போது வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே, பிறகு குறுக்காக இடப்பக்கம், பிறகு கீழே என்று பெருங்குடல் போகும் திசையில் நீவ வேண்டும்.

முன் உண்டது செமித்ததை அறிந்தபின் உண்ணவேண்டும் என்பதுதான் திருக்குறளின் 95ஆம் அதிகாரமான 'மருந்து' சொல்லும் சாரம். இரவு ஒன்பது மணிக்குப் பிட்டும் இறைச்சிக் கறியும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்குப் படுக்கும் எங்களுக்கு அது இன்றைக்கும் பொருந்துகிறது.

செய்யக் கூடாதவை

அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பதை நிறுத்துங்கள். ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2,300 மில்லிகிராமுக்குள் நிற்கவேண்டும் என்பது கனடிய சுகாதாரத் துறையின் அறிவுரை. இரத்த அழுத்தம், இதயநோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இது ஆபத்து. ஈனோ போன்ற நுரைக்கும் தூள்களும் இதே வகையே. சோடாவும் கோலாவும் இஞ்சிச் சோடாவும் குடித்தால் ஏவறை வருவது உண்மைதான். ஆனால் அந்த ஏவறை, நாம் அப்போது உள்ளே விட்ட வாயுதான்.

ஊரிலிருந்து வரும் பெயர் தெரியாத சூரணங்களிலும் லேகியங்களிலும் கவனம் தேவை. ஆயுள்வேத மருந்துகள் சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருந்ததாகக் கனடிய சுகாதாரத் துறை பலமுறை எச்சரித்துள்ளது. இங்கே அனுமதி பெற்ற இயற்கை மருந்துகளில் எட்டு இலக்க என்.பி.என் எண் அச்சிடப்பட்டிருக்கும். அது இல்லாததை வாங்காதீர்கள்.

கைக்குழந்தைகளுக்குத் தேன் கலந்த எதையும் ஒரு வயது முடியும்வரை கொடுக்கக் கூடாது. வசம்பு உரைத்துக் கொடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது. அதிலுள்ள பீற்றா அசரோன் என்ற பொருள் காரணமாக, அமெரிக்கா 1968இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடைசெய்தது. பால் குடித்தபின் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏவறை வரவைப்பதே பிள்ளைக்குப் போதும்.

மருந்துக்கடையும் மாத்திரைகளும்

சிமெத்திகோன் என்ற மருந்து, ஓவோல், காஸ்-எக்ஸ் என்ற பெயர்களில் வைத்தியச் சீட்டின்றிக் கிடைக்கிறது. சிலருக்கு உதவும். கடலை, பருப்புச் சாப்பாட்டின் முதல் வாயோடு எடுக்கும் பீனோ, நாம் மேலே சொன்ன இல்லாத நொதியத்தைத் தருகிறது. 2023 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் மருந்தாளர்களே சில சிறு நோய்களுக்கு மருந்து எழுதலாம். அமிலம் மேலெழுந்து வரும் நெஞ்செரிவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஓகிப் அட்டையைக் கொண்டு போனால் ஆலோசனைக்குக் கட்டணமில்லை.

எங்கள் வீடுகளில் பலர் எடுக்கும் மெற்ஃபோமின் என்ற நீரிழிவு மாத்திரைக்கு வயிற்று உப்பலும் வயிற்றோட்டமும் தெரிந்த பக்கவிளைவுகள். சாப்பாட்டோடு எடுப்பதும், மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவதும் பெரும்பாலும் தீர்வு தரும். தானாக மாத்திரையை நிறுத்தாமல் வைத்தியரிடம் கேளுங்கள். ஒசெம்பிக் போன்ற ஊசிகளும் வயிற்றை மந்தமாக்கும்.

'வாய்வுக் குத்து' என்று ஏமாறக் கூடாது

இதற்காகவே முக்கியமாக இக்கட்டுரையை எழுதுகிறோம். நெஞ்சில் ஒரு அமுக்கம் வந்தால் "வாய்வு குத்துது" என்று சொல்லி, வேர்க்கொம்புத் தண்ணீர் குடித்து, முதுகை நீவச் சொல்லிப் படுத்துவிடும் வழக்கம் எங்களிடம் ஊறிப்போயிருக்கிறது. மாரடைப்பும் அதே இடத்தில், அதே மாதிரியான நோவுடன் வரக்கூடும்.

மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைத்தியர் சோனியா ஆனந்தும் குழுவினரும் ஹமில்ரன், ரொறன்ரோ, எட்மன்ரன் நகரங்களில் நடத்தி 2000ஆம் ஆண்டு 'லான்செற்' இதழில் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியர்களிடையே இதயநோய் ஐரோப்பிய வம்சாவளியினரைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. நீரிழிவு உள்ளவர்களுக்கும், பெண்களுக்கும், முதியவர்களுக்கும் மாரடைப்பு பெரிய நெஞ்சுவலியாக வராமல், மேல்வயிற்று மந்தமாகவும் குமட்டலாகவும் களைப்பாகவும் மட்டும் வரலாம்.

ஆகவே, நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ அமுக்கம் வந்து சில நிமிடங்களில் விலகாவிட்டால், அல்லது அது கை, தோள், தாடை, கழுத்து, முதுகுக்குப் பரவினால், அல்லது குளிர்வியர்வை, மூச்சுத்திணறல், தலைச்சுற்று சேர்ந்தால், கசாயம் காய்ச்சிக்கொண்டு நிற்காதீர்கள். 911ஐ அழையுங்கள். தானே கார் ஓட்டிப் போகாதீர்கள். அம்புலன்ஸ் ஊழியர்கள் வழியிலேயே சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள். ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைக்க வழி உண்டு. பிறகு அது வாயுதான் என்று தெரிந்தால் யாரும் கோபிக்கப் போவதில்லை. வீண் அலைச்சல் என்று வெட்கப்படுவதும், நடு இரவில் பிள்ளைகளை எழுப்பத் தயங்குவதும்தான் எங்கள் பெரியவர்களின் முதல் எதிரி.

எப்போது வைத்தியரிடம் போகவேண்டும்?

மூன்று நான்கு கிழமை முயன்றும் குறையாத உப்பலுக்கு வைத்தியரைப் பாருங்கள். கீழ்க்கண்டவை இருந்தால் காத்திருக்க வேண்டாம்:

- காரணமின்றி உடல் மெலிதல், பசியின்மை
- மலத்தில் இரத்தம், அல்லது தார்போலக் கறுத்த மலம்
- விழுங்கச் சிரமம், தொடர்ந்த வாந்தி
- இரத்தசோகை, கண் மஞ்சளித்தல், காய்ச்சல்
- 50 வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கிய வயிற்றுக் கோளாறு

வயிறு வீங்கி, காற்றும் மலமும் அறவே பிரியாமல், வாந்தியும் வந்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

பெண்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் வயிறு ஊதியிருப்பது, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, அடிவயிற்று நோவு, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது ஆகியவை சூலகப் புற்றுநோயின் ஆரம்ப அறிகுறிகளாகவும் இருக்கலாம். பெரும்பாலும் அப்படி இராது. ஆனால் அம்மாமார் "வாயு" என்று சொல்லி மாதக்கணக்கில் ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால், பிள்ளைகள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

வைத்தியரிடம் ஹெலிக்கோபக்ரர் பைலோரி பற்றியும் கேளுங்கள். இரைப்பையில் வாழும் இந்தப் பக்டீரியா தெற்காசியாவில் பரவலானது. வயிற்றுப்புண்ணுக்கும், நீண்டகாலத்தில் இரைப்பைப் புற்றுநோய்க்கும் காரணமாகக் கூடியது. மூச்சுப் பரிசோதனையால் கண்டுபிடித்து நுண்ணுயிர்க்கொல்லிகளால் குணப்படுத்தலாம். 50 வயதைக் கடந்தவர்கள், வீட்டிலிருந்தே செய்யும் இலவச மலப் பரிசோதனையையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் செய்யுங்கள்.

குடும்ப வைத்தியர் இல்லாதவர்கள் 811 என்ற இலக்கத்தை அழைத்தால் இரவு பகலாக எந்நேரமும் தாதியர் ஒருவரோடு பேசலாம்.

ஓமமும் இஞ்சியும் பெருங்காயமும் எங்கள் பாட்டிமார் தந்த நல்ல சொத்து. அவர்களுக்கு அன்று அதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. எங்களுக்கு இருக்கிறது. சாதாரண உப்பலுக்கு அலுமாரியைத் திறப்போம். நெஞ்சில் அமுக்கம் என்றால் தொலைபேசியை எடுப்போம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இன்றிரவே வீட்டில் எல்லோருடனும் ஒருமுறை பேசிவிடுங்கள்.